நடுச்சுவரில் ஒரு ஓட்டை

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் நெருங்கி. சத்தம் போட்டுச் சொல்கிற கதையில்லை இது. ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு மனுசனின் மனசுக்குள்ளேயே நடந்து முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு, கல்லாவில் ஒருத்தன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக்கொண்டிருந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போகிற ரோட்டில் ஒட்டினாற்போல இரண்டு சாப்பாட்டுக் கடை. ஒன்றின் மேலே 'வீரணன் மெஸ்' என்று போர்டு, அடுத்ததன் மேலே 'ஒச்சம்மா மெஸ்' என்று போர்டு. வீரணன் அண்ணன்காரன். ஒச்சம்மா அவன் தங்கச்சி, புருசனைப் பறிகொடுத்தவள். போர்டுதான் இரண்டு, அடுப்பு ஒன்று. அது ஒச்சம்மா போர்டுக்குப் பின்னால் எரிந்தது. நடுச்சுவரில் ஒரு அண்டா நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒச்சம்மாவின் கை இரண்டும் சோற்றையும் குழம்பையும் நீட்டும், இந்தப் பக்கம் பரிமாறுகிற பால்ச்சாமி வாங்கிக்கொள்வார். இரண்டு கடைக் காசும் வீரணனின் ஒரே கல்லாவுக்கு வந்து சேரும். அன்றைக்கு இலை போட ஆரம்பித்த நேரம், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் உள்ளே வந்தார். கையில் கறுப்புப் பை, சட்டைப்பையில் பேனா. லாரிக்காரர் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. வாசல் பக்கம் காற்று வருகிற இடம் காலியாக இருந்தும் நேரே உள்ளே போய், அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இலையைப் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்தார்.

வந்துட்டான், என்று வீரணனின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று சொன்னது. யாரு வந்துட்டான், வரிக்காரன் வந்துட்டான். பெரியகுளத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் இப்படித்தான் ஒருத்தர் வந்து டீ குடித்தாராம், மறுநாளும் குடித்தாராம், அப்புறம் ஒரு நாள் ஜீப்போடு வந்தாராம். டீ குடிக்கிறவனையெல்லாம் சந்தேகப்பட முடியுமா, முடியாது, ஆனால் டீ குடிக்கிறவன் க்ளாஸைத்தானே பார்ப்பான், இந்த ஆள் சுவரையல்லவா பார்க்கிறான். பால்ச்சாமி தண்ணீர் தெளிக்கிறார், அந்த ஆள் இலையைக் கையால் தடவிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்க்கிறான். அப்போது பார்த்துக் கல்லா மேலே இருக்கிற சத்தப்பெட்டி, போனில் யார் காசு போட்டாலும் ஊருக்கே தண்டோரா போடுகிற சனியன், 'பெறப்பட்டது' என்று கத்தியது. யார் பேரில் பெறப்பட்டது? ஒச்சம்மா பேரில். ஒச்சம்மா பேரில் வருகிற காசு வீரணன் கல்லாவில் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்து, அப்படியே பெட்டி மேல் போட்டான். துண்டுக்குள்ளிருந்து அது இன்னொரு தரம் முனகியது, கழுத்தை அமுக்கின கோழி மாதிரி. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. எல்லாம் அந்த சேதுநாராயணன் சொன்ன வேலை, வரிக்கணக்கு பார்க்கிறவர், அவரை ஆடிட்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. 'வீரணா, கடை நல்லாப் போகுது, அதுதான் ஆபத்து. இப்படியே போனா வரம்பைத் தாண்டிருவ, தாண்டினா வரி. வீட்டுல நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா சொல்லு, ரெண்டா அறுத்துப் போட்டுருவோம், ரெண்டுமே வரம்புக்குள்ள கெடக்கும்.' ஈஸ்வரி இருக்காளே என்றான். 'பொண்டாட்டி பேரு வேணாம், சட்டுன்னு மோந்து பிடிச்சிருவாங்க. தங்கச்சி இருக்குல்ல?' தங்கச்சி இருந்தாள். சும்மா போர்டு மட்டும் மாட்டினால் நம்ப மாட்டார்கள், அடுப்பை அவள் பக்கம் காட்டுவோம், நீ அவளிடம் சாப்பாடு வாங்கி விற்கிறதாகக் காட்டுவோம் என்றார். கேஸ் சிலிண்டர் அவள் பேரில், கரண்ட் அவள் பேரில், கடை வாடகைப் பத்திரம் அவள் பேரில். காட்டுவோம், காட்டுவோம், எல்லாமே காட்டுகிறதுதான். ஒச்சம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, 'எங்கண்ணே போடணும் கையெழுத்து?' என்றாள். அங்க, அப்புறம் அங்க, இங்கயும் ஒண்ணு. 'இதுல என்னண்ணே எழுதியிருக்கு?' 'உன்னைய முதலாளியாக்கியிருக்கேன், போத்தா.' முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது.

பால்ச்சாமி குழம்பு வாளியோடு கல்லாப் பக்கம் வந்தார். 'முதலாளி, அந்தாளு கேக்குறாரு, இந்த ஓட்டை எப்பப் போட்டதுன்னு.' 'நீ என்ன சொன்ன?' 'எனக்குத் தெரியாது, நான் குழம்பு ஊத்துறவன்னேன்.' 'வேற என்ன கேட்டாரு?' 'ரசம் கேட்டாரு.' 'அதில்லய்யா.' 'சோறு எந்தப் பக்கத்துல வேகுதுன்னாரு. ருசி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்னேன். சிரிச்சாரு.' சிரித்தானா. வரிக்காரன் சிரித்தால் நல்லதா கெட்டதா? வறுத்த மீன் ஒன்று கொண்டுபோய் வை, ஆம்லெட் ஒன்று வை, காசு கேட்காதே என்று அனுப்பினான். அனுப்பின பிறகு, ஐயோ, கேட்காத மீனை வைத்தால் பயந்து போயிருக்கிறான் என்றல்லவா தெரிந்துவிடும், திரும்பக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் அது இன்னும் மோசம். மீன் போய்ச் சேர்ந்தது. அந்த ஆள் மீனைப் பார்த்தான், கல்லாவைப் பார்த்தான், மீனை இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். தின்னவில்லை. மீனைத் தின்னாதவனை என்ன செய்ய முடியும்.

திருட்டா இது, என்று வீரணன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான், எத்தனையோ தரம் கேட்டு எத்தனையோ தரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன கேள்விதான், ஆனாலும் அது திரும்பத் திரும்ப வாசலில் வந்து நிற்கிறது, காசு கொடுத்து அனுப்பினாலும் மறுநாள் வருகிற குடுகுடுப்பைக்காரன் மாதிரி. எவன் வீட்டுச் சுவரையும் நான் ஏறிக் குதிக்கவில்லை. என் உழைப்பு, என் கடை. எதிர்த்த ஹார்டுவேர்ஸில் ஆணி வாங்கப் போனால் 'பில்லு வேணுமா, வேணாமா' என்றுதான் முதல் கேள்வி, பில் என்றால் ஒரு விலை, பில் இல்லை என்றால் ஒரு விலை, டயர்க்கடையிலும் அப்படி, பெயிண்டுக் கடையிலும் அப்படி. வாங்குகிறவனே 'பில்லு எதுக்குண்ணே' என்கிறான். கோடி கோடியாக அமுக்குகிறவனை விட்டுவிட்டு சோற்றுக்கடைக்காரனிடம் வருகிறார்கள். அப்படியே கட்டினாலும் என்ன செய்கிறார்கள், இந்தா வாசலில் ரோட்டில் கிடக்கிற குழி, ஒரு மழைக்கு வாத்து மேய்க்கலாம், அந்தக் குழியை அடைத்தார்களா? சொல்லிக்கொண்டே வருகிறபோது பேச்சு எங்கேயோ தட்டுகிறது, மீன் முள் தொண்டையில் தட்டுகிற மாதிரி. அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது கட்டிலுக்கு யாரும் காசு கேட்கவில்லை, மருந்துக்குக் கேட்கவில்லை. அந்தக் கட்டில் எவன் காசு? அதை விடு. விட்டால் முட்டை வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டை. ஆட்டைப் பத்திவிட்டு அவன் லேட்டாக வந்தால் முட்டை தீர்ந்துபோயிருக்கும், ஒச்சா தன் முட்டையைப் பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருப்பாள், பாவாடை ஓரத்தில் ஒரு நூலை உருவி அந்த நூலால் முட்டையை நடுவில் அறுப்பாள், கத்தியால் அறுத்த மாதிரி இருக்கும், ஆளுக்குப் பாதி, மஞ்சக்கரு எந்தப் பாதியில் கொஞ்சம் கூட இருக்கிறதோ அது அண்ணனுக்கு. அந்த முட்டை எவன் காசு? எங்கேயோ திருச்சியிலோ சேலத்திலோ எவனோ ஒரு கடைக்காரன், பில் போட்டு விற்று, முணுமுணுத்துக்கொண்டே கட்டினானே, அவன் காசு. அவனும் இப்படி ரெண்டு போர்டு மாட்டியிருந்தால் முட்டை ஏது, பாதி ஏது. சீ, என்ன நினைப்பு இது, கூட்ட நேரத்தில். 'அண்ணே, ரெண்டு சாப்பாடு ஒரு ஆம்லெட்டு' என்று ஒரு லாரிக்காரன் நோட்டை நீட்டினான். சில்லறை எடுத்துக் கொடுத்தான், கை தப்பாகக் கொடுத்தது, லாரிக்காரனே 'கூடக் குடுத்துட்டீங்க' என்று திருப்பித் தந்தான்.

ஓட்டையில் கை தெரிந்தது. வளையல் இல்லாத இரண்டு கை, மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, சோற்று அண்டாவை நீட்டியது. அந்த ஆள் அந்தக் கையைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினானா, இல்லை சோறு வேண்டும் என்று ஆட்டினானா? கை உள்ளே போய்விட்டது. ஒச்சா இப்போதெல்லாம் ஓட்டை வழியாகப் பேசுவதில்லை. முன்னே ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், உப்பு சரியாண்ணே, கூட்டமாண்ணே, மதினி வந்தாச்சாண்ணே. அந்த வருமானச் சான்று விவகாரத்துக்குப் பிறகுதான் வாயடைத்துப் போனது. அவள் மகள் சுகப்பிரியாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது, உதவித்தொகைக்கு எழுதிப்போட வருமானம் குறைவு என்று சான்று வேண்டும். ஒச்சா தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறாள். 'கம்ப்யூட்டரைப் பாத்தாங்கண்ணே. நீங்க மெஸ்ஸு ஓனரு, கணக்கெல்லாம் தாக்கல் பண்ணியிருக்கீங்க, உங்களுக்கு எப்படிம்மா குறைஞ்ச வருமானம்னு எழுத முடியும்ங்கறாங்க. நான் வாரச் சம்பளம் வாங்குறவள்னா நம்ப மாட்டேங்கறாங்க. எம் பேரை அழிச்சுக் குடுத்திருங்கண்ணே.' சோற்று ஆவி அவள் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் நின்றது. அழித்தால் இரண்டு போர்டும் ஒன்றாகிவிடும், ஒன்றானால் வரம்பு தாண்டிவிடும், பழசையும் சேர்த்துத் தோண்டுவார்கள் என்று சேதுநாராயணன் சொல்லியிருந்தார். 'பாத்துக்கிருவோம்த்தா. நான் எதுக்கு இருக்கேன், தாய்மாமன். நாளைக்கு அவளுக்குச் சீரு செனத்தி யாரு செய்யப்போறா? எல்லாம் இதுலருந்துதான.' 'சீரு வேணாம்ணே, பீஸு கட்டணும்.' 'கூட்ட நேரத்துல என்னத்தா பேச்சு' என்றான். அவ்வளவுதான், அவளும் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. அதற்கப்புறம் கண்ணில் என்னமோ மறைக்குது என்று கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும், போகணும் என்று மூன்று நாலு சாயந்தரம் சீக்கிரமே கிளம்பிப் போனாள், அவனும் நூறு ரூபாயைக் கையில் வைத்தான். ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்தவன் கெட்டவனா? சொல்லுங்கள், கெட்டவனா?

டொக், டொக் என்று சத்தம். அந்த ஆள் எழுந்து கைகழுவிவிட்டு, ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்து, ஓட்டையின் ஓரத்தில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்குள் பணம் வைத்துப் பூசுகிறவர்கள் உண்டாம், அதைத்தான் இப்படித் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பார்களாம். என் சுவரில் செங்கலும் கரப்பானும்தான் இருக்கிறது சாமி. பைக்குள் கையை விட்டான். எடுக்கப் போகிறான், அட்டையை எடுக்கப் போகிறான், 'நாங்க இன்ன ஆபீஸு' என்று. எடுத்தது அளவு நாடா. ஓட்டையின் அகலத்தை அளந்தான், உயரத்தை அளந்தான், பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டான். சாப்பிட்டவர்கள் கை இலையிலேயே நின்றுவிட்டது. வீரணனுக்குக் காதுக்குள் பிரஷர் குக்கர் மாதிரி சத்தம். அளந்தால் வழக்கு உறுதி. ஓட்டையின் அளவைப் போட்டு, இந்த ஓட்டை வழியாக இத்தனை சோறு போயிருக்கும் என்று எழுதுவார்கள். பழைய வருசம் எல்லாம் சேர்த்து, அபராதம் சேர்த்து, ஈஸ்வரி கழுத்தில் இருக்கிறதும் போய், பேப்பரில் பேர் வந்து, பேப்பரில் யார் பேர் வரும்? நோட்டீஸ் யாருக்கு வரும்? சிலிண்டர் யார் பேரில், கரண்ட் யார் பேரில், கையெழுத்து யாருடையது? அந்த நினைப்பு ஒரு படிக்கல் மாதிரி காலுக்குக் கீழே தட்டுப்பட்டது. வழுக்கும் என்று தெரிந்தது. தெரிந்தே அதில் காலை வைத்தான்.

அந்த ஆள் கல்லாவுக்கு வந்தான். 'எவ்வளவுண்ணே?'

'இருக்கட்டும் சார், இருக்கட்டும்.'

'அதெப்படி, சாப்பிட்டதுக்குக் காசு வாங்கிக்கங்க. மீனு நான் கேக்கலை, அது அப்படியே இருக்கு. ஒரு பில்லு குடுங்க.'

'பில்லா?'

'அனுப்பிவச்சவங்ககிட்டக் காட்டணும்ல.'

அனுப்பி வைத்தவர்கள். அந்த ஆள் குனிந்து, தன்மையாக, ஒரு பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டான்: 'ஒரு விசயம் தெளிவாத் தெரியணும்ண்ணே. அந்த அடுப்பும் அந்தச் சுவரும் யாரோடது? உங்களதா, அந்தம்மாவோடதா?'

'அவளோடது' என்றான் வீரணன். ஒரு தரம் வாயைத் திறந்தபிறகு நிற்கவில்லை. 'எல்லாம் அவளோடதுதான் சார். அது வேற கடை, இது வேற கடை. அடுப்பு அவளது, சட்டி அவளது, சுவரு அவளது. ஓட்டைகூட அவ சௌரியத்துக்குப் போட்டது. நான் சும்மா சாப்பாடு வாங்கி விக்கிறவன். எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. இந்தா இவ்வளவு பேரு இருக்காங்க, இவங்க முன்னால சொல்றேன்.' துண்டுக்குள்ளிருந்து சத்தப்பெட்டி 'பெறப்பட்டது' என்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

'அப்பாடா' என்றார் அந்த ஆள். 'இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நான் மேஸ்திரிண்ணே, கட்டட வேலை. கன்னியப்பபிள்ளைபட்டி. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி அந்தம்மா கூப்பிட்டாங்க. கட்டடத்துக்காரரும் சரின்னுட்டாரு. இருந்தாலும் அண்ணன் தங்கச்சி விவகாரம், நாளைக்கு ஒரு தகராறு வந்தா நான் மாட்டிக்கிருவேன்னேன். அதுக்கு அந்தம்மா, இங்கயே சாப்பிடுங்க, என் கணக்குல, சாப்பிட்டுட்டு எங்கண்ணன்கிட்டயே கேளுங்க, அவரு வாயாலயே சொல்லிருவாருன்னாங்க. நான் நம்பலை.' வாசல் பக்கம் திரும்பி, வெளியே குட்டியானை வண்டியில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு ஆளுக்குக் கையைக் காட்டினார். 'இறக்குங்கப்பா.'

வரிக்காரன் இல்லை. முதலில் அந்த நிம்மதிதான் வந்தது, வயிறு முழுக்கக் குளிர்ந்த மோர் இறங்கின மாதிரி, அடச் சீ கொத்தனாரா, கொத்தனாருக்கா இந்தப் பயம் பயந்தோம் என்று. நிம்மதி கடைசிப் படி இறங்குகிறதுக்குள்ளே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வந்தது. அடுப்பு அந்தப் பக்கம். கேஸ் அந்தப் பக்கம். கை அந்தப் பக்கம். இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பெஞ்சு இருக்கிறது, இலை இருக்கிறது, கல்லா இருக்கிறது. வீரணன் எழுந்து ஓட்டைக்குப் போனான், ரொம்ப வருசம் கழித்து முதல் தடவையாகக் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தான். ஒச்சம்மா முகத்தில் வேர்வை, நெற்றியில் மாவு.

'என்னத்தா இது, ஒச்சா?'

'என்னண்ணே?'

'சொல்லாமக் கொள்ளாம இப்படியா பண்ணுவ? அண்ணன்ட்ட ஒரு வார்த்தை...'

'சொன்னேன்லண்ணே. கூட்ட நேரத்துல என்ன பேச்சுன்னீங்க. அதான் கூட்டம் வடியட்டும்னு இருந்தேன்.'

'வரிக்காரன் வந்தா என்ன செய்வ? உன் பேர்லதான் எல்லாம் கெடக்கு.'

'வரட்டும். சாப்பாடு போட்டு உக்கார வைப்பேன். வரி நம்பரு வாங்கிட்டேன், இனி பில்லு போட்டுத்தான் கொடுக்கிறது.'

'எப்ப வாங்குன?'

'கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்ல, அப்ப.'

'அப்ப கண்ணு?'

'கண்ணு நல்லாத் தெரியுதுண்ணே.' அவள் சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். 'வருமானம் இருக்குன்னு எழுதிட்டாங்க. அழிச்சுக் குடுங்கன்னேன், உங்களால முடியலை. சரி, இருக்குன்னு எழுதியாச்சுல்ல, அப்ப இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன். பிள்ளைக்கு பீஸு கட்டணும்.'

'என் கடை?'

'உங்க கடை உங்களுக்கு. எத்தனை சாப்பாடு வேணும்னு காலையில பால்ச்சாமி அண்ணனை அனுப்பிவிடுங்க. வாசல் வழியா வரும்.'

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபத்தைத் தேடினான், மடியில் வைத்த சாவியைத் தேடுகிற மாதிரி. அகப்படவில்லை. அவளைத் திட்டினால் இவ்வளவு பேர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வேண்டும், திரும்ப வாங்கினால் எல்லாக் கடையும் என்னோடது என்று சொல்ல வேண்டும், சொன்னால் வரி. சொல்லாவிட்டால் அடுப்பு போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனே மாட்டின போர்டுதான் தலையில் இடிக்கிறது. அவன் கல்லாவுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தான். துண்டை எடுத்தான். பெட்டி பேசவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் கலவை குழைத்தார்கள், நனைத்த செங்கல் ஒவ்வொன்றாக ஏறியது. முதலில் அவள் இடுப்பு மறைந்தது, அப்புறம் கை, அப்புறம் அடுப்பு வெளிச்சம். சாப்பிட்ட ஆட்கள் இலையை மடக்கிவிட்டு ஒவ்வொருத்தராகப் போனார்கள். பால்ச்சாமி காலி வாளியோடு நின்று, 'முதலாளி, சாயந்தரத்துக்கு?' என்றார். காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வீரணனுக்கு உறைத்தது. தினமும் பந்தி முடிந்தபிறகு அவனுக்கென்று ஒரு தட்டு அந்த ஓட்டை வழியாக வரும். சொல்லிக் கேட்டதில்லை, தானாக வரும்.

கடைசிக் கல்லுக்கு இடம் இருந்தது. 'கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி' என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. அந்தச் சந்தில் மணிக்கட்டுத் தழும்போடு கை வந்தது. இலையில் இறுக்கிக் கட்டின சாப்பாட்டுப் பொட்டலம், மேலே ஒரு சீட்டு. வீரணன் போய் வாங்கினான். பில். ஒச்சம்மா மெஸ் என்று அச்சடித்திருந்தது, கீழே நம்பர் இருந்தது. சாப்பாடு ஒன்று, அதற்கு விலை, அதற்குக் கீழே வரி. பொட்டலத்தைப் பிரித்தான். சோற்றின் மேலே முட்டை, நூலால் அறுத்த பாதி முட்டை, மஞ்சக்கரு கூட இருக்கிற பாதி. பில்லைத் திரும்பப் பார்த்தான். முட்டைக்கு ஒன்றும் போடவில்லை.

அவன் தலையை நிமிர்த்தினபோது, ஒச்சம்மா அந்தப் பக்கத்திலிருந்து கடைசிக் கல்லைத் தன் கையாலேயே எடுத்து, கலவையை அப்பி, சந்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.